மன்னார்க் கரைக்கு ஓர் இணைய விபரக்கொத்து

மன்னார்த் தீவையும், அதற்கு எதிரே இலுப்பைக்கடவை முதல் மறிச்சுக்கட்டி வரை நீளும் பெருநிலக் கரையையும் பற்றிய செய்திகள் இணையத்தில் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. அரச அலுவலகங்களின் அறிவித்தல்கள், திருக்கேதீச்சரம், மடு ஆகிய திருத்தலங்களைப் பற்றிய பக்கங்கள், பறவை ஆய்வாளர்களின் குறிப்புகள், புலம்பெயர்ந்தோர் எழுதும் ஊர் வரலாறுகள், முத்துக்குளிப்பைப் பற்றிய நூற்றாண்டுப் பழமையுள்ள அறிக்கைகளின் மின்படிகள் என அவை பலவகைப்பட்டவை. எது எங்கே உள்ளது, யார் எழுதியது, எப்போது எழுதியது என்பவற்றை ஓரிடத்தில் சொல்லும் வழிகாட்டி இல்லாவிட்டால், இவை இருந்தும் தேவைப்படுபவர் கைக்கு எட்டுவதில்லை. அத்தகைய வழிகாட்டியைத்தான் இணையத்தள விபரக்கொத்து என்பர்; மனிதர்கள் தளங்களைப் படித்துப் பார்த்து, தேர்ந்து, வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஓரிரு வரி விளக்கம் எழுதி அடுக்கிவைக்கும் பட்டியல் அது.

தேடுபொறி இருக்கும் காலத்தில் விபரக்கொத்து எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. தேடுபொறி ஒரு பக்கத்தை மதிப்பிடும்போது, அதற்குப் பிற தளங்கள் எத்தனை இணைப்புக் கொடுத்திருக்கின்றன என்பதையும் கணக்கில் எடுக்கிறது. கொழும்பையோ சென்னையையோ பற்றிய பக்கத்துக்கு இயல்பாகவே பல இணைப்புகள் சேர்ந்துவிட, நானாட்டானையோ முசலியையோ பற்றித் தமிழில் எழுதப்பட்ட நல்ல பக்கம் ஒன்று எவரும் இணைப்புக் கொடுக்காத காரணத்தாலேயே பின்னுக்குத் தள்ளப்படுகிறது. மன்னார் என்று தேடினால் தமிழ்நாட்டின் மன்னார்குடியும், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவான மன்னார் வளைகுடாவும் கலந்து வருவதும் உண்டு. ஊரை அறிந்த ஒருவர் படித்துப் பார்த்துப் பிரித்து வைக்கும் பட்டியல், சிறிய இடங்களுக்கு இன்றும் ஈடற்ற துணையாகும். ஆயினும் அந்தப் பட்டியல் எவ்வாறு அமைய வேண்டும் என்பதில் கவனம் இல்லாவிட்டால், அது வழிகாட்டுவதற்கு மாறாக வழிதவறச் செய்யும்.

விபரக்கொத்துகளின் எழுச்சியும் தளர்ச்சியும்

இடங்களைத் தொகுத்து அகரவரிசையில் விளக்கும் முயற்சி இந்தக் கரைக்குப் புதியதன்று. மன்னார் வளைகுடாவின் தென்பாகத்தில் உள்ள கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் ஊர்கள், ஆறுகள், துறைமுகங்கள் முதலியவற்றைத் தொகுத்து ஆங்கிலத்தில் எழுதிய இடவிளக்க அகராதி 1834இல் வெளிவந்தது. பின்னர் 1888இல் டபிள்யூ. ஜே. எஸ். போக் மன்னாரைப் பற்றித் தனிநூல் ஒன்றை எழுதினார். இவ்விரண்டும் அச்சில் வந்த நாளிலேயே உறைந்துவிட்ட நூல்கள். அவற்றில் ஒரு செய்தி மாறினால் அடுத்த பதிப்பு வரை காத்திருப்பதன்றி வேறு வழி இல்லை. இணைய விபரக்கொத்தின் சிறப்பு, எந்த நாளிலும் திருத்தப்படக்கூடியதாக இருப்பதுதான்.

உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பேர்னர்ஸ்-லீயே 1991இல் முதலாவது இணைய விபரக்கொத்தையும் தொடங்கினார். 1994இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக மாணவர்களான ஜெரி யாங், டேவிட் ஃபைலோ ஆகிய இருவரும் தொகுத்த பட்டியல் யாஹூவாக வளர்ந்தது. 1998இல் தொடங்கிய, சுருக்கமாக டிமோஸ் எனப்பட்ட திறந்த அடைவுத் திட்டம், ஊதியம் பெறாத தன்னார்வத் தொகுப்பாளர்களை நம்பிப் பல மொழிகளில் விரிந்தது. தமிழில் 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம், தமிழ் வலைப்பதிவுகளை ஓரிடத்தில் திரட்டிக் காட்டியதால், தமிழகத்தினரும் ஈழத்தவரும் புலம்பெயர்ந்தோரும் ஒருவர் எழுத்தை ஒருவர் கண்டுகொள்ளும் முற்றமாகச் சில ஆண்டுகள் விளங்கியது.

யாஹூவின் விபரக்கொத்து 2014 இறுதியில் மூடப்பட்டது; டிமோஸ் 2017 மார்ச்சில் மூடப்பட, அதன் தொகுப்பாளர்கள் சிலர் கர்லி என்ற பெயரில் பணியைத் தொடர்கின்றனர். தேடுபொறிகளின் வளர்ச்சி இதற்கு ஒரு காரணம் என்றாலும், உள்ளிருந்தே வந்த தளர்ச்சியும் குறைந்ததன்று. சேர்த்துக்கொள்ளுமாறு அனுப்பப்பட்ட தளங்கள் நீண்ட காலம் பார்வையிடப்படாமல் கிடந்தன; பிழையைச் சுட்டிக்காட்டியவருக்கு மறுமொழி கிடைக்கவில்லை; தொகுப்பாளர் விலகிய பிரிவுகள் கேட்பாரற்றுப் போயின. ஒரு விபரக்கொத்தைச் சீர்திருத்த முனைபவர் முதலில் கவனிக்க வேண்டியது இதுவே: எத்தனை தளங்கள் சேர்க்கப்பட்டன என்பதைக் காட்டிலும், வெளியிலிருந்து வந்த திருத்தம் எவ்வளவு விரைவாக உள்ளே ஏறியது என்பதே அதன் ஆயுளைத் தீர்மானித்தது.

கிளைகளாகப் பிரிப்பதும் முகங்களாகப் பிரிப்பதும்

பழைய விபரக்கொத்துகள் பெரும்பாலும் கிளைமுறையில் அமைந்தவை. நாடு, அதற்குள் மாவட்டம், அதற்குள் சமயம், அதற்குள் கோயில் என்று ஒன்றுக்குள் ஒன்றாக இறங்கிச் செல்லும் அந்த ஒழுங்கில் ஒரு தளத்துக்கு உரிய இடம் ஒன்றே. மன்னாரின் முக்கியமான பொருள்கள் எவையும் இவ்வாறு ஒரே கிளையில் அடங்குபவை அல்ல. சம்பந்தரும் சுந்தரரும் தேவாரம் பாடிய திருக்கேதீச்சரம் வழிபாட்டிடம். அதைச் சூழ்ந்த மாந்தை பண்டைய துறைமுகம் என்பதால் அது தொல்லியலுக்கும் உரியது. அங்குள்ள பாலாவி தீர்த்தமாகவும் நீர்நிலையாகவும் உள்ளது. வங்காலைச் சரணாலயம் 2008இல் அறிவிக்கப்பட்டு, 2010இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது; பூநாரைகளைக் காண வருபவருக்கு அது பயண இடம், சூழலியல் மாணவருக்கு ஆய்வுக்களம், அருகில் வாழும் மீனவருக்கோ சட்ட வரையறைகள் கொண்ட நிலப்பரப்பு.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வைத் தந்தவர் ஒரு தமிழரே. சீர்காழியில் 1892இல் பிறந்து, 1924 முதல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பணியாற்றிய எஸ். ஆர். ரங்கநாதன், 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறையில், ஒரு நூலை ஒரே கிளையில் அடைப்பதைத் தவிர்த்து, அதன் வெவ்வேறு முகங்களைத் தனித்தனியே குறிக்கும் வழியைக் காட்டினார். மையப்பொருள், அது எதனால் ஆனது என்பது, அதில் நிகழும் செயல், இடம், காலம் என்ற ஐந்து முகங்கள் அவருடைய பகுப்பின் அடிப்படை. கணினி வருவதற்கு முன்பே வகுக்கப்பட்ட இந்த முறை, இன்று இணையக் கடைகளில் விலை, நிறம், அளவு எனப் பலவாறு வடிகட்டித் தேடும் வசதியோடு நெருங்கிய உறவுடையது.

மன்னாரின் முத்துக்குளிப்பை எடுத்துக்கொண்டால் இதன் பயன் விளங்கும். டபிள்யூ. ஏ. ஹேர்ட்மன் இலங்கை அரசுக்காக எழுதி, 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்த முத்துச்சிப்பி ஆய்வறிக்கை இப்போது இணையத்தில் மின்படியாகப் படிக்கக் கிடைக்கிறது. முகங்களாகப் பகுத்த விபரக்கொத்தில் இதற்குப் பொருள் முத்துச்சிப்பி, செயல் குளிப்பும் ஆய்வும், இடம் சிலாவத்துறைக்கும் அரிப்புக்கும் அப்பாலுள்ள கடற்பார்கள், காலம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம், மொழி ஆங்கிலம், வகை அரச அறிக்கை என்று குறிப்புகள் அமையும். கடலுயிரியல் மாணவர் பொருள் வழியாகவும், வரலாற்று ஆசிரியர் காலத்தின் வழியாகவும், அரிப்பில் வாழும் ஒருவர் தம் ஊரின் வழியாகவும் இதே பதிவுக்கு வந்துசேர முடியும். அரிப்பில் ஆளுநர் ஃப்ரெட்ரிக் நோர்த் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டுவித்த மாளிகையின் இடிபாடு பற்றிய பக்கமும், 1905ஆம் ஆண்டின் பெருங்குளிப்பு பற்றிய கட்டுரையும் இடமுகத்தின் வழியே அதனருகில் தாமாகவே வந்து அமையும்.

ஒரே நிலத்தின் மேல் பல எல்லைகள்

இடமுகத்தைச் சரியாக அமைப்பதற்கு, இந்நிலத்தை அரச அமைப்புகள் எவ்வாறெல்லாம் பிரித்துள்ளன என்பதை அறிந்திருப்பது அவசியம். மன்னார் மாவட்டத்தில் மன்னார் நகரம், மாந்தை மேற்கு, மடு, நானாட்டான், முசலி என ஐந்து பிரதேச செயலாளர் பிரிவுகள் உள்ளன. உள்ளூராட்சி மன்றங்களும் ஐந்துதான். எனினும் அவை மன்னார் நகர சபையும், மன்னார், மாந்தை மேற்கு, நானாட்டான், முசலி ஆகிய நான்கு பிரதேச சபைகளுமாக வேறு எல்லைகளில் அமைந்துள்ளன. மடுவுக்குப் பிரதேச செயலகம் உண்டு, தனிப் பிரதேச சபை இல்லை. கல்வி நிருவாகத்தில் மாவட்டம் மன்னார், மடு என்ற இரு வலயங்களாகப் பிரிகிறது. பாராளுமன்றத் தேர்தலிலோ மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களும் வன்னித் தேர்தல் மாவட்டமாக ஒன்றாகின்றன.

காணி பற்றிய அலுவலுக்குப் பிரதேச செயலகத்தையும், தெருவிளக்குக்கும் குப்பை அகற்றலுக்கும் நகர சபையையோ பிரதேச சபையையோ, பாடசாலை விடயத்துக்கு வலயக் கல்வி அலுவலகத்தையும் நாட வேண்டிய ஒருவருக்கு, மாவட்டத்தின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தும் விபரக்கொத்து உதவாது. அவர் தம் ஊரின் பெயரைத் தட்டச்சு செய்தால் போதும், அவ்வூர் அடங்கும் செயலகம், சபை, வலயம் ஆகிய மூன்றும் அவற்றின் தளங்களோடு திரையில் வரவேண்டும். இதற்கு ஒவ்வொரு ஊர்ப்பெயரையும் அதன் எல்லாவகை எல்லைகளோடும் ஒருமுறை பொருத்தி எழுதி வைத்தால் போதுமானது. அந்த வேலையைப் பிழையின்றிச் செய்ய வல்லவர்கள் கிராம அலுவலர்களும் ஊர் ஆசிரியர்களுமே.

பெயர் ஒன்றாக இருந்து ஊர் வேறாக இருப்பதும் உண்டு. மன்னார்த் தீவில் ஒரு புதுக்குடியிருப்பு உள்ளது. முல்லைத்தீவு மாவட்டத்தில் அதைவிடப் பரவலாக அறியப்பட்ட புதுக்குடியிருப்பு உள்ளது. பெயரை மட்டும் பார்த்துத் தொகுக்கும் கணினி நிரல் இவ்விரண்டையும் கலந்துவிடும். விடத்தல்தீவு பெருநிலக் கரையில் உள்ள ஊர் என்பது மன்னார்க்காரர் எவருக்கும் தெரியும். பெயரின் ஈற்றைக் கொண்டு வகைப்படுத்தும் தொலைவிலுள்ள தொகுப்பாளர் அதைத் தீவுகளின் பட்டியலில் சேர்த்துவிடக்கூடும்.

ஒரு பெயரின் பல எழுத்து வடிவங்கள்

நூலகவியலில் ஒருவரின் அல்லது ஓரிடத்தின் பெயர் எத்தனை வடிவங்களில் வழங்கினாலும், அவற்றுள் ஒன்றைத் தலைமை வடிவமாகக் கொண்டு மற்றவற்றை அதனோடு பிணைத்து வைக்கும் பதிவேடு உண்டு. அதை நியமப் பெயரேடு எனலாம். மன்னார்க் கரைக்கான விபரக்கொத்துக்கு இது அடித்தளம் போன்றது. திருக்கேதீச்சரம் என்றும் திருக்கேதீஸ்வரம் என்றும் தமிழிலேயே இரு வடிவங்கள் வழங்குகின்றன. ஆங்கில எழுத்தில் எழுதும்போது தலைமன்னார், எருக்கலம்பிட்டி, பேசாலை, சிலாவத்துறை ஆகிய ஒவ்வொன்றும் அலுவலகத்துக்கு ஒன்றும் வரைபடத்துக்கு ஒன்றுமாகப் பல வடிவங்களைப் பெறுகின்றன. ஹேர்ட்மனின் அறிக்கையிலோ மன்னாரின் பெயரே இன்றைய ஆங்கில வடிவத்திலிருந்து வேறுபட்டு அச்சாகியுள்ளது. சிங்கள எழுத்திலும் இவ்வூர்ப் பெயர்கள் வழங்குகின்றன. மூன்று மொழிகளிலும் வழங்கும் எல்லா வடிவங்களையும் ஒரே பதிவோடு பிணைத்துவிட்டால், வாசகர் எந்த வடிவத்தில் தேடினாலும் உரிய பக்கத்தை அடைவார். 2012இல் தொடங்கப்பட்ட விக்கித்தரவு, ஒவ்வொரு பொருளுக்கும் மொழி சாராத ஓர் எண்ணை வழங்கி இதே பணியை உலக அளவில் செய்கிறது. அந்த எண்களைப் பயன்படுத்திக்கொண்டால் உழைப்பு மிகவும் குறையும்.

பழைய தமிழ்த் தளங்களில் இதைவிட ஆழமான தடை ஒன்று உள்ளது. ஒருங்குறி, அதாவது உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுமுறை, பரவலாவதற்கு முன் இலங்கையில் பாமினி போன்ற எழுத்துருக்களே பெரிதும் புழக்கத்தில் இருந்தன. அவற்றில் திரையில் தமிழ் தெரிந்தாலும், கணினியின் நினைவகத்தில் பதிந்திருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. ஆகவே அவ்வாறு எழுதப்பட்ட ஊர் வரலாற்றில் மன்னார் என்ற பெயர் நூறு முறை வந்திருந்தாலும் தேடுபொறிக்கு அது புலப்படாது. இத்தகைய பக்கங்களை மனிதர் ஒருவர் படித்து, ஒருங்குறித் தமிழில் தலைப்பும் சுருக்கமும் எழுதி விபரக்கொத்தில் சேர்த்தால், மறைந்து கிடக்கும் எழுத்துகள் மீண்டும் வாசகரைப் பெறும்.

எதைப் பற்றியது, எங்கிருந்து வருவது

மன்னாரின் மக்கள் இன்று மன்னாரில் மட்டும் வாழ்பவர்கள் அல்லர். போர்க்காலத்தில் பலர் கடலைக் கடந்து இராமேசுவரம் வழியாகத் தமிழ்நாட்டின் முகாம்களை அடைந்தனர். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் எருக்கலம்பிட்டி உள்ளிட்ட மன்னார் ஊர்களைச் சேர்ந்தோர் பெருந்தொகையினர். அவர்களிற் பலர் புத்தளத்தில் வாழ்வை அமைத்துக்கொண்டனர், பின்னாளில் ஒரு பகுதியினர் திரும்பினர். ஐரோப்பாவிலும் கனடாவிலும் குடியேறியவர்களும் உள்ளனர். இதனால் மன்னார் ஊரொன்றைப் பற்றி மிக விரிவாக எழுதப்பட்ட பக்கம் அவ்வூரிலிருந்து வந்ததாக இருக்க வேண்டியதில்லை. அது புத்தளத்திலோ மண்டபம் முகாமிலோ ரொறன்ரோவிலோ எழுதப்பட்டதாக இருக்கலாம்.

வழக்கமான விபரக்கொத்துகள் ஒரு தளத்துக்கு ஓர் இடத்தை மட்டுமே கேட்கின்றன. அந்த இடம் அலுவலக முகவரியாக இருந்தால், எருக்கலம்பிட்டி மக்கள் புத்தளத்திலிருந்து நடத்தும் தளம் மன்னார்ப் பட்டியலுக்கு வெளியே நின்றுவிடும். ஆகவே எந்த ஊரைப் பற்றியது, எந்த ஊரிலிருந்து இயங்குகிறது என இரு தனிப் புலங்கள் தேவை. புலம் என்பது பதிவொன்றில் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம். இந்தச் சிறிய மாற்றம் ஒரு நீதியையும் நிலைநாட்டுகிறது. ஊரைவிட்டு அகல நேர்ந்தவர்கள் ஊரின் நினைவுப் பதிவிலிருந்தும் அகற்றப்படாமல் இருக்க இது வழிசெய்கிறது.

நாள் குறிக்கப்படாத பதிவின் தீங்கு

தலைமன்னாரைப் பற்றிய இணையப் பக்கங்கள் நாள் குறிப்பதன் தேவையை நன்கு விளக்குகின்றன. 1914 முதல் இலங்கையையும் இந்தியாவையும் இணைத்த தொடருந்து, கப்பல் வழித்தடம் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே இயங்கியது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து வந்தது. 1984இல் அதுவும் நின்றது. போரில் 1990இல் தடைப்பட்ட தொடருந்துப் பாதை மீளமைக்கப்பட்டு, 2015 மார்ச் 14 அன்று தலைமன்னார் வரை சேவை மீண்டும் தொடங்கியது. இவற்றுள் ஒவ்வொரு கட்டத்திலும் எழுதப்பட்ட பக்கங்கள் இணையத்தில் ஒன்றாகவே கிடைக்கின்றன. கப்பல் ஓடுவதாகச் சொல்லும் பக்கமும், தொடருந்து இல்லை எனும் பக்கமும், இருக்கிறது எனும் பக்கமும் தத்தம் காலத்தில் உண்மையானவையே. நாள் தெரியாமல் அவற்றைப் படிக்கும் பயணிக்கு மூன்றும் குழப்பமே தரும்.

காற்றாலைகளிலும் இதே நிலைமை உள்ளது. தீவின் தென்கரையில் 103.5 மெகாவாற் திறனுடைய தம்பபவனி காற்றாலைத் தொகுதி 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டது. அதன்பின் முன்மொழியப்பட்ட அதானி நிறுவனத்தின் திட்டத்திலிருந்து அந்நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது. விலகலுக்கு முன் எழுதப்பட்ட கட்டுரைகள் அத்திட்டம் நடைபெறப் போவதாகவே இன்றும் சொல்லிக்கொண்டிருக்கும். இவை நீக்கப்பட வேண்டியவை அல்ல, அவை அக்கால விவாதத்தின் சான்றுகள். ஆனால் ஒவ்வொரு பதிவிலும் பக்கம் எழுதப்பட்ட நாள், தொகுப்பாளர் கடைசியாகச் சரிபார்த்த நாள் என இரு நாள்கள் குறிக்கப்பட வேண்டும். ஓராண்டுக்கு மேல் சரிபார்க்கப்படாத பதிவு அதற்குரிய அடையாளத்தோடு தோன்ற வேண்டும்.

தளங்கள் மறைந்துபோவது இன்னொரு தீங்கு. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வு, 2013இல் இருந்த இணையப் பக்கங்களுள் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப் பின் எட்ட முடியாதவையாகிவிட்டன என்று கண்டது. ஆண்டுக் கட்டணம் கட்டத் தவறிய ஊர்ச் சங்கத்தின் முகவரியைப் பிறர் வாங்கிச் சூதாட்ட விளம்பரங்களுக்குப் பயன்படுத்துவதும் நடக்கிறது. அதற்குப் பின்னும் பழைய இணைப்பை வைத்திருக்கும் விபரக்கொத்து, பாடசாலைப் பிள்ளைகளை அந்த விளம்பரத்துக்கே அனுப்பும். இணைப்புகள் உயிரோடு உள்ளனவா என்று நிரல் மூலம் மாதந்தோறும் சோதிப்பதும், ஒரு தளத்தைப் பட்டியலில் சேர்க்கும் அன்றே அதன் படியொன்றை இணைய ஆவணக் காப்பகத்தில் பதிந்து அந்தப் படியின் முகவரியையும் உடன் குறிப்பதும் இதற்குரிய காப்பு. தளம் மறைந்தாலும் அதன் உள்ளடக்கம் எஞ்சும்.

கரைவாழ் மக்களின் அன்றாடத் தேவை

வரலாற்றுத் தேவையைவிட உடனடியானது தொழிலின் தேவை. பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் பள்ளிமுனையிலும் வங்காலையிலும் கடற்றொழிலை நம்பி வாழும் குடும்பங்களுக்குக் காற்றின் வேகமும் கடலின் கொந்தளிப்பும் உயிரோடு தொடர்புடைய செய்திகள். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வடபகுதியைக் கடந்து மன்னார் வளைகுடாவை நோக்கி நகர்ந்தபோது, எந்தப் பக்கத்தில் நம்பத்தக்க முன்னறிவிப்பு உள்ளது என்பது பெரிதும் பொருட்படுத்த வேண்டிய கேள்வியாக இருந்தது. விபரக்கொத்து வளிமண்டலவியல் திணைக்களத்தின் முகப்புக்கு இணைப்புக் கொடுத்து நின்றுவிடாமல், கடற்பரப்புக்கான முன்னறிவிப்புப் பக்கத்துக்கே நேராக இட்டுச்செல்ல வேண்டும். அந்தப் பக்கம் தமிழில் உள்ளதா என்பதையும் பதிவிலேயே குறிக்க வேண்டும். கடலோரத்தில் தொலைபேசி அலை வலுவிழக்கும் இடங்களிலும் திறக்கும்படி, படங்களும் அலங்காரங்களும் குறைந்த எளிய பக்கமாக அது அமைவது நல்லது.

இணையத்தளம் இல்லாத சேவைகளுக்கும் இதில் இடம் தேவை. ஒரு வைத்தியசாலைக்கோ கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கோ தளம் இல்லை என்பதால் அது இல்லாததாக ஆகிவிடாது. அலுவலகத் தொலைபேசி எண், திறந்திருக்கும் நேரம், எந்த மொழியில் சேவை கிடைக்கும் என்பவை பதிவாகலாம். அரச சேவைகளைப் பற்றி மூன்று மொழிகளிலும் விபரம் தரும் 1919 என்ற தொலைபேசி இலக்கமும் முதற்பக்கத்திலேயே இடம்பெறலாம். ஆனால் தனிமனிதர்களின் கைபேசி எண்களும் வீட்டு முகவரிகளும் சேர்க்கப்படக் கூடாது. இலங்கையில் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2022இல் சட்டம் இயற்றப்பட்டுள்ளது; சட்டம் ஒருபுறமிருக்க, போரையும் இடப்பெயர்வையும் கண்ட மக்களின் பட்டியலைத் தொகுப்பவர் இதில் இருமடங்கு கவனம் கொள்வது கடமையாகும்.

பராமரிப்போர் யார்

இவ்வளவையும் யார் செய்வது என்ற கேள்விக்கு முன்னுதாரணம் அருகிலேயே உள்ளது. இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் எழுத்தாவணங்களை மின்படியாக்கிக் காக்கும் நூலகம் திட்டம், 2005இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்டது. நூல், இதழ், பத்திரிகை என்பவற்றோடு ஆளுமைகளுக்கும் நிறுவனங்களுக்கும் தனிப் பக்கங்கள் அமைத்து அவற்றை ஒன்றோடொன்று இணைத்திருப்பது அதன் சிறப்பு. மன்னார் விபரக்கொத்து தனித்து நிற்பதைவிட, இத்தகைய அமைப்பின் தரவோடு இணைந்து இயங்கினால் நீண்ட காலம் நிலைக்கும்.

தொகுப்பாளர்கள் இருவகையினராக அமைவது பொருத்தம். ஐந்து பிரதேசங்களுக்கும் ஊரை அறிந்தவர்கள் ஒரு வகையினர். கடற்றொழில், கல்வி, தொல்லியல், சூழல் போன்ற துறைகளை அறிந்தவர்கள் மற்றொரு வகையினர். கத்தோலிக்கர், இந்துக்கள், முஸ்லிம்கள் எனப் பல சமூகங்கள் அடுத்தடுத்து வாழும் கரையில், தொகுப்பாளர் குழுவிலும் அந்தக் கலப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சமூகத்தின் தளங்கள் நிறைந்தும் இன்னொன்றின் தளங்கள் காணாமலும் போகும். தம் சொந்த நிறுவனத்தின் தளத்தை ஒருவர் தாமே சேர்க்காமல், வேறொரு தொகுப்பாளர் பார்த்து ஏற்ற பின்பே அது வெளியாக வேண்டும் என்ற விதியும் அவசியம்.

திருத்தம் அனுப்பும் வழி எல்லாப் பக்கங்களிலும் கண்ணில் படும்படி இருப்பதோடு, அனுப்பியவருக்கு எத்தனை நாளில் மறுமொழி கிடைக்கும் என்ற வாக்குறுதியும் அங்கேயே எழுதப்பட வேண்டும். ஏற்கப்படாத திருத்தங்களும் காரணத்தோடு பதிவாக வேண்டும். இணையத்தைப் பயன்படுத்தாத முதியவர்களுக்காக ஆண்டுக்கு இருமுறை அச்சுப்படி எடுத்துப் பொது நூலகங்களில் வைத்து, அதன் ஓரத்தில் வாசகர் எழுதும் குறிப்புகளைத் திரட்டலாம். வாசகரின் நேரத்தைக் காப்பதும், நூலகத்தை வளரும் உயிராகக் கருதுவதும் ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளுள் அடங்கும். அவ்விதிகள் நூலகத்துக்குப் பொருந்துவது போலவே விபரக்கொத்துக்கும் பொருந்துகின்றன.

தொடக்கம் சிறிதாக இருப்பதில் குறையில்லை. ஆயிரக்கணக்கான இணைப்புகளைச் சேர்த்துவிட்டுப் பின் திரும்பிப் பார்க்காமல் விடுவதைவிட, ஓராண்டில் இருநூறு தளங்களைப் படித்து, முகங்கள் வகுத்து, நாளிட்டு, ஆண்டுதோறும் சரிபார்ப்பது மேலானது. அதற்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது, மாவட்டத்தின் எல்லா ஊர்ப் பெயர்களையும் அவற்றின் எழுத்து வடிவங்களோடும் எல்லைகளோடும் எழுதும் நியமப் பெயரேடு. உயர்தர மாணவர்கள் தம் ஊர்களிலேயே திரட்டி, ஆசிரியர்களும் கிராம அலுவலர்களும் சரிபார்க்கக்கூடிய வேலை அது. அந்தப் பெயரேடு ஆயத்தமானால், விபரக்கொத்துக்கு மட்டுமன்றி வரைபடங்களுக்கும் கலைக்களஞ்சியங்களுக்கும் அரச தளங்களுக்கும் மன்னாரின் பெயர்களை மன்னார் மக்களே திருத்திக் கொடுத்தவர்கள் ஆவர். தம் ஊரைப் பற்றிய பிழையைத் திருத்தும் உரிமையும் பொறுப்பும் அவ்வூரார் கையில் இருக்கும் வரை அந்த விபரக்கொத்து பயனிழக்காது.